யோகனைப் போகவிடலாமா என்று கேட்ட மகளுக்கு

பிள்ளை, நீங்கள் புறப்படுவதற்கு முதல்நாள் பின்னேரம், திருகோணமலை உள்துறைமுக வீதியால் இருவரும் நடந்து வரும்போது நீ என்னிடம் ஒன்று கேட்டாய். "அப்பா, நான் வேண்டாம் எண்டு சொன்னா அவர் மேடைக்குப் போகமாட்டார். சொல்லட்டோ?" என்றாய். நான் "யோசிச்சுச் சொல்லுறன்" என்று சொல்லிவிட்டு, வீதியோரத்தில் கடதாசி மட்டையைத் தின்றுகொண்டிருந்த மானைக் காட்டிக் கதையை மாற்றினேன். மாற்றியதை நீ கவனித்தாய் என்பதும் எனக்குத் தெரியும். இப்போது நீங்கள் பெர்லினுக்குப் போய்ச் சேர்ந்து, தடித்த கோட்டு வாங்கி, அம்மா கட்டிக் கொடுத்த தூளில் கறியும் வைத்துவிட்டீர்கள். நான் இன்னும் யோசித்துக்கொண்டிருந்தால் மருமகன் மேடையில் ஏறி இறங்கியே விடுவார். அதனால் விறாந்தையில் கதிரையைப் போட்டு எழுதத் தொடங்கியிருக்கிறேன். ஒவ்வொரு தாளையும் படம் பிடித்து உன் தொலைபேசிக்கு அனுப்புவேன். பேசியே சொல்லலாம்தான். ஆனால் நான் தொலைபேசியில் வாய் திறந்தால் அம்மா இடையில் புகுந்து மீதியைத் தானே சொல்லி முடித்துவிடுவார். எழுதும்போது அவரால் அப்படிச் செய்ய முடியாது.

உன் கேள்விக்குப் பதில் சொல்வதற்கு முன் யோகன் இந்த வீட்டுக்கு எப்படி வந்தார் என்பதை ஒருமுறை எனக்கே சொல்லிப் பார்த்துக்கொள்ள வேண்டும் போலிருக்கிறது. உனக்குத் தெரிந்த கதைதான். ஆனால் நீ அதைப் படகில் இருந்து பார்த்தாய், நான் கரையில் இருந்து கேட்டேன். நீ அப்போது திமிங்கில ஆய்வு வேலையில் சேர்ந்து, ரஹீம் நானாவின் படகில் சுற்றுலாக்காரரோடு சேர்ந்து கடலுக்குப் போய்க்கொண்டிருந்தாய். அவர்கள் வாலைப் பார்க்கப் போனார்கள். நீ வயரில் கட்டிய மைக்கைத் தண்ணீருக்குள் இறக்கி, திமிங்கிலம் போடும் சத்தத்தைப் பதிவு செய்யப் போனாய். ஒருநாள் மத்தியானம் சோற்றைப் பிசைந்துகொண்டே, "இண்டைக்கு ஒரு ஜெர்மன்காரர் வந்தவர் அப்பா. கொஞ்சம் கேட்டுப்பாருங்கோ எண்டு ஹெட்போனைக் குடுத்தன். பிறகு திருப்பி வாங்க ஏலாமப் போச்சு" என்று சொல்லிச் சிரித்தாய். நான் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. அடுத்த கிழமை கிண்ணியாவில் ரஹீம் நானாவைச் சந்தித்தபோது அவர்தான் என்னைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார். "மத்த வெள்ளக்காரனெல்லாம் கமராவத் தூக்கிட்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடுறான். இந்த மனிசன் கண்ண மூடிட்டு ஒரு மூலையில இரிக்காரு. நேத்தும் வந்தாரு, முந்தாநாளும் வந்தாரு. உங்கட மகளும் அவருக்கு எண்டு இன்னொரு ஹெட்போன் கொண்டு வாறா. நான் சொல்லல்ல எண்டு இரிக்கப்படாது, அதுதான் சொன்னன்."

நீ அதற்குப் பிறகு எங்களிடம் சொன்னதையும் சேர்த்தால் கதை இதுதான். அந்தப் பெரிய தலைத் திமிங்கிலங்கள் ஆழத்தில் இரை தேடும்போது டக், டக், டக் என்று ஒரே அளவாகச் சத்தம் போடும். யோகன் அதை முதன்முதலில் கேட்டபோது உன்னைப் பார்த்து, "இதை வாசிப்பது யார்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். நீ கடலைக் காட்டினாய். அவர் கடலை எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பவும் ஹெட்போனை வலக்காதில் அழுத்திக்கொண்டார். இடக்காதை விட்டுவிட்டார். ஏன் என்று நீ அன்று கேட்கவில்லை.

அவருடைய பெயர் எங்களுக்குத் தந்த உதவியை நீ முழுதாக அறியமாட்டாய். ஜெர்மனியில் அந்தப் பெயரைத் தொண்டைக்குள் ஏதோ சிக்கியதுபோல் சொல்கிறார்கள். நம்முடைய வாய்க்கு அது நேரே யோகன் என்றுதான் வந்தது. மகளுக்கு யோகன் என்று ஒருவரைப் பேசியிருக்கிறோம் என்று அம்மா சொன்னவுடன் சல்லி ஊரில் இருந்து பெரியம்மா தொலைபேசி எடுத்து, "எந்த யோகன்? வெருகல் பக்கத்து ஆளோ? தகப்பன் ஆர்?" என்று கேட்டார். "தகப்பன் பஸ் ஓடினவர்" என்றார் அம்மா. அது உண்மைதான். பெரியம்மாவுக்கு முழு விபரமும் தெரிந்தது கலியாண மண்டபத்தில் மாப்பிள்ளை தலைப்பாகையோடு வந்து இறங்கியபோதுதான். "நல்ல நிறமான பெடியன்" என்று மட்டும் சொன்னார்.

முதல்முறை நீ அவரை வீட்டுக்குக் கூட்டிவந்த நாளில் நான் இதே கதிரையில் இருந்தேன். தகப்பன் கேட்கவேண்டிய கேள்வியைக் கேட்டேன்: "என்ன வேலை செய்யிறீங்கள்?" நீ மொழிபெயர்க்க வாயெடுத்தாய். அவர் கையால் உன்னை நிறுத்திவிட்டு, நீ சொல்லிக்கொடுத்திருந்த தமிழில், "இப்ப ஒண்டும் இல்லை" என்றார். பெண் கேட்டு வருகிறவன் இப்படிப் பதில் சொல்வதை நான் எங்கும் கேட்டதில்லை. எழுந்து உள்ளே போனேன். குசினியில் அம்மா, "என்னவாம்?" என்றார். "வேலை ஒண்டும் இல்லையாம்" என்றேன். அம்மா எட்டிப் பார்த்தார். அந்த நேரத்தில் குசினி லைட் வழக்கம்போல் மினுங்கிமினுங்கி அணைந்தது. யோகன் எழுந்து வந்து அதை அண்ணாந்து பார்த்தார், ஒரு ஸ்குரூடிரைவர் கேட்டார், கதிரையில் ஏறினார். நான் எத்தனையோ மாதங்களாக நாளைக்குப் பார்ப்போம் என்று சொல்லிவந்த லைட் அன்றைக்கு எரிந்தது. அம்மா அவருக்குச் சோறு போட்டார். எனக்கு விளங்கிவிட்டது, என் பக்கத்தில் இனி ஆளில்லை என்று.

பிறகு நீ கடலுக்குப் போன காலைகளில் அவர் இங்கே வந்து என்னோடு இருந்து கதைப்பார். கொஞ்சம் ஆங்கிலம், கொஞ்சம் தமிழ், மீதி கை. துறைமுகத்தில் வேலை செய்தவனுக்கு இப்படிக் கதைப்பது பழக்கம்தான். அவர் தன் தொழிலைப் பற்றிச் சொன்னதை எனக்கு விளங்கியபடி எழுதுகிறேன். பிழை இருந்தால் அவரிடம் கேட்டுத் திருத்திக்கொள்.

அவர் மின்சார வேலை படித்தவர். சின்ன ஊரில் இருந்து பெர்லினுக்குப் போய், கிழமை நாட்களில் கட்டடங்களுக்கு வயர் இழுத்தார். சனி ஞாயிறில் ஒரு நடன மண்டபத்தில் வருகிறவர்களுடைய கோட்டுகளை வாங்கி மாட்டிவைக்கும் வேலை. உள்ளே டெக்னோ என்று இயந்திரத்தால் செய்யும் ஆட்டப் பாட்டு. அவருக்கும் பாட்டுக்கும் நடுவே ஒரு தடித்த சுவர், சுவருக்கு இந்தப் பக்கம் நூற்றுக்கணக்கான கோட்டுகள். சுவரைத் தாண்டி வந்தது அடி மட்டும்தான். சுருதி, ராகம், குரல் ஒன்றும் வரவில்லை. குளிர்காலம் முழுவதும் அவர் அதைத்தான் கேட்டார். அடியும், அதற்குள் எப்போதாவது ஒரு சின்ன 'டிக்'கும். ஒருநாள் லீவு எடுத்துக்கொண்டு உள்ளே போய் முழுப் பாட்டையும் கேட்டபோது, "இவ்வளவு சாமானும் எதுக்கு?" என்றுதான் தோன்றியதாம். பழைய தாள இயந்திரம் ஒன்றை வாங்கி, தான் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டதைத் தானே செய்து பார்த்தார். அவர்கள் அந்த வகைக்கு மினிமல் என்று பெயர் சொல்கிறார்கள். "அப்படியெண்டா என்ன?" என்று கேட்டேன். "எதை எடுத்தால் பாட்டு விழுந்துபோகுமோ அதை மட்டும் விட்டுவிட்டு, மற்றதையெல்லாம் எடுத்துவிடுகிறது" என்றார். குசினிக்குள் இருந்து அம்மா, "அப்ப சொதி. தேங்காய்ப்பாலும் உப்பும் புளியும்தானே" என்றார். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. எழுந்து உள்ளே போய், சொதி எப்படி வைப்பது என்று கேட்டுக்கொண்டு நின்றார்.

தான் செய்த பாட்டை யாரிடம் கொடுப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. அந்த மண்டபத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் பாட்டுப் போட்ட பெண் ஒருவர் இருந்தார், பெயர்போன டீஜே. அவர் தன் கோட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டு உள்ளே போனதும், யோகன் ஒரு சீடியை அதன் பைக்குள் போட்டுவிட்டார். அடுத்த ஞாயிறு அவர் வந்து கோட்டைக் கழற்றாமலே நின்று, "என் பைக்குள் கை வைத்தது யார்?" என்று சத்தமாகக் கேட்டார். வேலை போய்விட்டது என்று நினைத்தபடி யோகன் கையை உயர்த்தினார். "இன்றைக்கு நீ உள்ளே வா. இதைக் கேட்டு அவர்கள் என்ன செய்கிறார்கள் என்று பார்" என்றார் அந்தப் பெண். அந்தப் பாட்டைப் போட்டபோது முதலில் ஆட்டம் நின்றதாம். பாட்டு உடைந்துவிட்டது என்று சனம் நினைத்தது. பிறகு ஒருவர் தலையை ஆட்டினார், அவருக்குப் பக்கத்தில் நின்றவர் ஆட்டினார், கொஞ்சத்தில் மண்டபமே ஆடியது. யோகன் இதை எனக்குச் சொல்லும்போது எழுந்து நின்று, முதலில் ஆடிய அந்த மனிதனைப்போல் ஆடிக் காட்டினார். வீதியால் போன மீன் வியாபாரி சைக்கிளை நிறுத்திப் பார்த்தான்.

அதற்குப் பிறகு நடந்ததை அவர் மேலோட்டமாகத்தான் சொன்னார். இசைத்தட்டுகள் வந்தன, பெயர் வந்தது. வெள்ளிக்கிழமை விமானம் ஏறி ஸ்பெயினுக்கோ ஜப்பானுக்கோ பிரேசிலுக்கோ போய், திங்கட்கிழமை திரும்பிவந்து தூங்குவார். பல வருடங்கள் அப்படி. ஒரு காலை, எந்த ஊர் ஹோட்டல் என்றுகூட அவருக்கு நினைவில்லை, வலப்பக்கம் சரிந்து படுத்திருந்தார். தொலைபேசி அடிப்பது கேட்கவில்லை. புரண்டபோதுதான் கேட்டது. திரும்பவும் வலப்பக்கம் படுத்தார், சத்தம் நின்றது. இப்படித்தான் தன் இடக்காது போய்விட்டதை அவர் கண்டுபிடித்தார். அன்று பின்னேரம் மேடையில் ஏறினார். சத்தம் எந்தப் பக்கத்தில் இருந்து வருகிறது என்று தெரியவில்லை. இயந்திரத்தை நிறுத்தி, கூட்டத்திடம் மன்னிப்புக் கேட்டு, இறங்கிப் போய்விட்டார். சாமான்களை விற்றார். திரும்பவும் வயர் இழுக்கப் போனார். இரண்டு வருடம் வீட்டில் ஒரு பாட்டும் போடவில்லை. பிறகு யாரோ சொன்னார்கள் என்று இலங்கைக்கு வந்து, உப்புவெளியில் அறை எடுத்து, வேறு வேலை இல்லாததால் திமிங்கிலம் பார்க்கப் படகில் ஏறினார்.

மீதி உனக்குத் தெரியும். கலியாணத்துக்குப் பிறகு, நீ பதிவு செய்த திமிங்கிலச் சத்தத்தை வைத்து அவர் திரும்பப் பாட்டுச் செய்யத் தொடங்கினார். உங்களுடைய பின் அறையில் இருந்து டக், டக் என்று சத்தம் வரத் தொடங்கியபோது, பக்கத்து வீட்டு மாஸ்டர் வேலிக்கு மேலால், "தச்சு வேலையோ? கட்டில் ஏதும் செய்யினமோ?" என்று கேட்டார். "இல்லை மாஸ்டர், பாட்டு" என்றேன். அவர் கொஞ்ச நேரம் நின்று கேட்டுவிட்டு, "எப்ப துவங்கும்?" என்றார். நானும் வாழ்நாள் முழுவதும் டக்கில் வேலை செய்தவன்தான், கப்பல்களை உள்ளே இழுத்துவரும் டக் படகில். மருமகனும் டக்கைத்தான் நம்பியிருக்கிறார் என்று எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தேன். நீ அந்த அறையில் அவருடைய இடப்பக்கம் உட்கார்ந்து, "இது கொஞ்சம் கூட, இது காணாது" என்று கையால் காட்டிக்கொண்டிருப்பதை யன்னலால் பார்த்திருக்கிறேன். அவருக்கு அந்தக் காது நீதான். அதுவும் எனக்குச் சந்தோஷம்தான்.

பாட்டு முடிந்ததும் அவர் அதைக் கோட்டுப் பையில் சீடி கண்ட அந்தப் பெண்ணுக்கு அனுப்பினார். அந்தப் பெண் உடனே தொலைபேசி எடுத்து, "நவம்பர் கடைசி ஞாயிற்றுக்கிழமைக்கு வா, அதே மண்டபம்" என்றார். அன்றிலிருந்து உன் முகம் மாறிப்போனது. மற்றக் காதைச் சோதித்த டாக்டர் என்ன சொன்னார் என்று நீ எனக்குச் சொன்னாய். நன்றாக இருக்கிறது, ஆனால் பழையபடி சத்தத்துக்குள் நின்றால் உத்தரவாதம் இல்லை. அதனால்தான் என்னிடம் கேட்டாய்.

இனி என் பதிலுக்கு வருகிறேன். உனக்கு நினைவிருக்கிறதோ தெரியாது, நீ சின்ன வகுப்பில் படித்த காலத்தில் நான் கொஞ்ச நாள் கட்டுப்போட்ட தோளோடு வீட்டில் இருந்தேன். பெரிய கப்பல் ஒன்றை இழுக்கும்போது கயிறு அறுந்து, சவுக்குப்போல் வந்து என் தோளில் அடித்தது. ஆஸ்பத்திரியில் எலும்பைப் பொருத்திவிட்டு, இனிக் கரை வேலைதான் என்றார்கள். துறைமுகக் கந்தோரில் மேசையும் மின்விசிறியும் தந்தார்கள். எல்லோரும் எனக்கு அதிர்ஷ்டம் என்றார்கள். யன்னலால் பார்த்தால் என்னுடைய டக் வேறொருவனோடு போய்வருவது தெரியும். பின்னேரம் வீட்டுக்கு வந்தால் சொதிக்கு உப்புக் காணாது, கதவு கிரீச்சிடுகிறது, மான் வந்து பூமரத்தைத் தின்றுவிட்டது என்று ஏதாவது ஒரு குறை. நான் அப்படி இருந்தேன் என்பது எனக்குத் தெரியாது. அம்மாவுக்குத் தெரிந்தது.

ஒருநாள் அம்மா நல்ல சேலை உடுத்திக்கொண்டு, எனக்குச் சொல்லாமல் கந்தோருக்கு வந்து, என் மேலதிகாரியின் முன்னால் உட்கார்ந்துவிட்டார். நான் என் மேசையில் இருந்து எல்லாவற்றையும் கேட்டேன். "எங்கட ஆளைத் திருப்பி டக்குக்கு எடுங்கோ ஐயா. கரையில வைச்சிருக்க ஏலாது." அதிகாரி சிரித்தார். "அம்மா, பிறகும் ஏதும் நடந்தா?" "அவர் எங்க நிக்கவேணும் எண்டு நான் பாத்துச் சொல்லுறன். எனக்கு அந்தப் படகைக் காட்டுங்கோ." துறையில் கட்டியிருந்த டக்கில் அம்மா சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஏறினார். கயிறு எங்கே கட்டப்படும், அறுந்தால் எதுவரை வரும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். மாலுமிகள் பழைய கயிற்றை இழுத்து வீசிக் காட்டினார்கள். பிறகு காலால் ஓர் இடத்தைக் காட்டி, "இதுக்கு இஞ்சால இவர் வரப்படாது. மற்றப் பெடியளும் வரப்படாது" என்றார். அவர்கள் அந்த இடத்தில் சிவப்பு மையால் ஒரு கோடு போட்டார்கள். அம்மாவை அவர்கள் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள், அதனால் அதற்கு அக்கா கோடு என்று பெயர். நான் இளைப்பாறும்வரை அந்தப் படகில் புதிதாகச் சேர்கிற எவனுக்கும் முதலில் சொல்லப்பட்டது, "அக்கா கோட்டைத் தாண்டாதே" என்பதுதான். அதற்குப் பிறகு அங்கே ஒருவருக்கும் கயிறு அடிக்கவில்லை.

ஆகவே பிள்ளை, போகவேண்டாம் என்று சொல்லாதே. நீ சொன்னால் அவர் நிற்பார், உன் மேல் அவ்வளவு பிரியம். ஆனால் நின்ற பிறகு உன் வீட்டில் யார் இருப்பார் என்று யோசித்துப் பார். சரி போங்கோ என்று கையை உதறிவிட்டு மூலையில் இருந்து பயப்படவும் வேண்டாம். அந்த மண்டபத்துக்கு நீ பகலில் போ, ஆளில்லாத நேரத்தில். ஸ்பீக்கர் எங்கே இருக்கிறது, எந்தப் பக்கம் பார்க்கிறது, அவர் நிற்கும் இடத்துக்கு எவ்வளவு வருகிறது என்று கேள். வெட்கப்படாதே. காதுக்கு அளவெடுத்துச் செய்யும் அடைப்பானைப் பற்றி டாக்டர் சொன்னாரே, அதைச் செய்வித்து, அவர் போட்டிருக்கிறாரா என்று பார். பழையபடி ஒவ்வொரு வெள்ளியும் விமானம் ஏறுவதில்லை என்று இருவரும் இப்போதே பேசி முடிவெடுங்கள், கைதட்டலைக் கேட்ட பிறகு அல்ல. கோடு எங்கே என்று தெரிந்தால் நீயும் பயப்படத் தேவையில்லை, அவரும் ஒளிக்கத் தேவையில்லை.

நீங்கள் வான் வண்டியில் பெட்டிகளை ஏற்றும்போது நான் அவரிடமும் கேட்டேன், "தம்பி, பயமில்லையோ?" என்று. "பயம் இருக்கு மாமா. சத்தம் இல்லாம இருந்த ரெண்டு வருசம் இருந்ததே, அதுக்குத்தான் கூடப் பயம்" என்றார். நீ சொல்லிக்கொடுத்த தமிழ் அல்ல அது, அவர் தானே கட்டிய வசனம். எனக்கு அது போதும்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். ஊர் ஓய்வெடுக்கும்போது வேலைக்குப் போகிறவரோடு வாழ்வது எப்படி என்று நீ வெளியே படிக்கத் தேவையில்லை, இந்த வீட்டில் பிறந்தவள் நீ. கப்பல் தீபாவளி பார்த்து வருவதில்லை. அம்மா என்ன செய்தார்? எங்களுடைய ஞாயிற்றுக்கிழமையைச் செவ்வாய்க்கிழமைக்கு மாற்றினார். எல்லோரும் பள்ளிக்கூடம் விட்டு ரியூசனுக்குப் போகும்போது, நாங்கள் மூவரும் டச்சுக்குடாக் கடற்கரையில் கச்சான் கொறித்துக்கொண்டு இருந்தோம். ஒருமுறை தீபாவளிப் பலகாரத்தை இரண்டு நாள் கழித்துச் சுட்டு, "எங்கட வீட்டுக்கு இண்டைக்குத்தான்" என்று அயலெல்லாம் கொடுத்தார். யாரும் வாங்க மறுக்கவில்லை. நீங்களும் உங்களுக்கென்று ஒரு நாளைப் பிடித்துக்கொள்ளுங்கள். உன்னுடைய வேலையை மட்டும் விடாதே. பங்குனியில் கடல் அமைதியாகும்போது நீ இங்கே இருக்கவேண்டும். மைக்கைக் கடலில் இறக்கியது நீ. அவர் அதற்குப் பிறகுதான் கேட்டார்.

இனி நேற்று முன்தினம் நடந்ததைச் சொல்கிறேன். யோகன் இதை உனக்குச் சொல்லவேண்டாம் என்றவர். நான் எப்போதாவது ஒன்றை ஒளித்து வைத்திருக்கிறேனா?

மேடைக்குப் புதிதாக ஒரு திமிங்கிலச் சத்தம் வேண்டும், நீ அலுமாரியில் விட்டுப்போன பழைய பதிவுப் பெட்டியால் எடுத்து அனுப்ப முடியுமா என்று போன கிழமை எனக்குச் செய்தி போட்டிருந்தார். நான் ரஹீம் நானாவுக்குத் தொலைபேசி எடுத்தேன். கடல் நல்லாக் கிடக்கு, வாங்க என்றார். புறப்படும்போது பார்த்தால் அம்மா செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலில் நிற்கிறார். டக் ஓட்டியவனைக் கட்டி இத்தனை வருடம் வாழ்ந்தும் ஒருநாளும் கடலுக்குள் வராத மனுசி. "நீங்கள் ஒழுங்கா எடுக்கமாட்டியள்" என்றார்.

துறைமுக வாயைத் தாண்டியவுடன் அம்மா ஒரு கையால் என்னையும் மற்றக் கையால் படகின் விளிம்பையும் பிடித்தவர் விடவே இல்லை. துறைமுகத்துக்கு மேலே கோயில் நிற்கும் சாமிமலைப் பக்கம் திரும்பிக் கும்பிடக்கூடக் கை எடுக்கவில்லை, தலையால் கும்பிட்டார். ஆழம் வந்ததும் ரஹீம் நானா இஞ்சினை நிறுத்தினார். நான் மைக்கை இறக்கிப் பெட்டியின் பொத்தானை அழுத்தினேன். ஹெட்போனைப் போட்ட அம்மா, "ஒண்டும் இல்லை" என்றார். கொஞ்சம் பொறுத்து, "இதுக்கோ இவ்வளவு தூரம்?" என்றார். வெயில் ஏறியது. ரஹீம் நானா தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டு, "இண்டைக்கு இல்ல தங்கச்சி, திரும்புவமா?" என்றார். அதற்குள் அம்மாவுக்கு என்ன நடந்ததோ தெரியாது. விளிம்பில் இருந்து கையை எடுத்து, தண்ணீரைப் பார்த்தபடி, மிகவும் அமைதியாக, "பொறுங்கோ நானா. வரும்" என்றார். ரஹீம் நானா மறுபடியும் கேட்டார். அம்மா மறுபடியும் அதே குரலில், "பொறுங்கோ. வரும்" என்றார். கொஞ்ச நேரத்தில் கறுத்த முதுகொன்று மூச்சை ஊதிக்கொண்டு எழுந்தது. அம்மா "அம்மாடி!" என்று கத்திய கத்தலில் அது பயந்து போகாதது பெரிய காரியம்.

அவ்வளவு பாடுபட்டு எடுத்ததை அனுப்பிய பிறகுதான் தெரிந்தது, நான் பிழையான பொத்தானை அழுத்தியிருக்கிறேன். கடலுக்குள் இருந்த மைக் வேலை செய்யவில்லை, பெட்டியில் இருந்த மைக்தான் வேலை செய்திருக்கிறது. திமிங்கிலத்தின் டக் ஒன்றுகூட இல்லை. படகில் தண்ணீர் அடிப்பதும் நாங்கள் கதைத்ததும் மட்டும். வெட்கத்தில் நான் மன்னிப்புக் கேட்டு எழுதினேன். அன்று பின்னேரமே யோகனிடம் இருந்து பதில் வந்தது, அதோடு ஒரு சின்னப் பாட்டும். தொலைபேசியைக் குசினி மேசையில் வைத்து நானும் அம்மாவும் கேட்டோம். முதலில் அடி மட்டும். நீண்ட நேரம் அடி மட்டும். பிறகு மெல்லத் தண்ணீர். அதற்குள் இருந்து அம்மாவின் குரல், தெளிவாக: பொறுங்கோ. இன்னும் கொஞ்ச அடி. வரும். திரும்ப அடி. பொறுங்கோ. அம்மா கரண்டியைப் பிடித்தபடியே அசையாமல் நின்றார். நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன், இல்லாவிட்டால் இருவரும் அழுதிருப்போம்.

கீழே யோகன் எழுதியிருந்தார்: மாமி, இதை அந்த ஞாயிற்றுக்கிழமை முதல் பாட்டாகப் போட விருப்பம். உங்களுடைய அனுமதி வேண்டும்.

அம்மா அனுமதி கொடுக்க இரண்டு நாள் எடுத்தார், அதுவும் ஒரு நிபந்தனையோடு. உலகத்துக் கப்பல்களையெல்லாம் உள்ளே இழுத்துவந்த நான் ஒருநாளும் இந்தத் தீவை விட்டு வெளியே போனதில்லை. நீங்கள் எத்தனை தரம் கூப்பிட்டும் சாட்டுச் சொன்னேன். அந்தச் சாட்டெல்லாம் இப்போது எடுபடவில்லை. நாளைக்கு விசா விஷயமாகக் கொழும்புக்குப் போகிறோம். கிடைத்தால் அந்த ஞாயிற்றுக்கிழமை நாங்கள் இருவரும் அந்த மண்டபத்தில் நிற்போம். குளிருக்குச் சேலைக்கு மேலே என்ன போடுவது என்று மட்டும் உடனே அம்மாவுக்கு எழுது. தன் குரலைக் கேட்டு அவ்வளவு சனமும் ஆடும்போது, தான் மட்டும் திருகோணமலையில் இருந்து சோறு வடிக்க ஏலாது என்கிறார்.